பூட்டு வேண்டாம், சாவி மட்டும் போதும்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினவன் நான். தோல் தொழிற்சாலையில் கேட் சூப்பர்வைசருக்கு வேறு என்ன வேலை? உள்ளே போகிறவனை ஒரு தடவை பார்க்க வேண்டும், வெளியே வருகிறவனை இரண்டு தடவை பார்க்க வேண்டும். ரிட்டையர் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டைக் கூடத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். "தாலி கட்டும்போதே முடிச்சு சரியா விழுந்துதான்னு இழுத்துப் பாத்த மனுஷன் இவரு" என்று என் மனைவி பத்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பொய் இல்லை. இழுத்துப் பார்த்தேன்.

சமீபத்தில் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை வைக்க ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். கேட்டில் புதிதாக ஒரு வாசற்கால் நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் நுழைந்தால் அதுவே சோதனை போட்டுவிடுமாம். என் பெல்ட்டைப் பார்த்து அது போட்ட கூச்சலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. அங்கே நின்ற செக்யூரிட்டிப் பையனுக்கு என்னைத் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் சல்யூட் அடித்தான்.

"சார், இந்த மெஷின் இல்லாம நீங்கல்லாம் எப்டி சார் புடிச்சீங்க?"

"மூஞ்சியப் பாத்து."

"பெருசா இன்னா சார் புடிச்சிருக்கீங்க?"

"சாவி" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. இப்போது கேட்டுக்குப் பொறுப்பாக இருக்கிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். இருந்திருந்தால் கதையை அவனே சொல்லியிருப்பான், ஏனென்றால் கதையே அவனைப் பற்றியதுதான். சரி, நானே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலாஜாபேட்டை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய், மார்பு அளவு கம்மி என்று திருப்பி அனுப்பப்பட்டவன். மேல்விஷாரத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் இருந்த அந்தத் தோல் ஃபேக்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். மழையில் நிற்பது, லாரி டார்பாலின் கயிற்றை அவிழ்ப்பது, திட்டு வாங்குவது என்று ஆரம்ப வருஷங்கள் போயின. அப்புறம் கேட் என் கைக்கு வந்தது.

தோலைத் திருடுவது எப்படி என்று வெளியாட்களுக்குத் தெரியாது. முடித்த ஆட்டுத் தோல் துணி மாதிரி இருக்கும். மடிக்கலாம், சுருட்டலாம், வயிற்றில் சுற்றிக்கொண்டு மேலே சட்டை போடலாம். காலையில் ஒட்டின வயிற்றோடு உள்ளே போனவன் சாயங்காலம் தொந்தியோடு வந்தால் அவனுக்கு கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம் இல்லை. அதனால் நான் முதலில் வயிற்றைப் பார்ப்பேன். பிறகு டிபன் கேரியர். அடுக்கைத் திறக்கச் சொல்லி மூடியைத் தட்டிப் பார்ப்பேன். பையை உதறச் சொல்வேன். கையைத் தூக்கச் சொல்லி இடுப்பைச் சுற்றித் தடவுவேன். அப்போது அவன் கண்ணை விட மாட்டேன். மடியில் கனம் இருக்கிறவன் கேட்டைப் பார்ப்பான். ஒன்றும் இல்லாதவன் என்னைப் பார்த்து முறைப்பான். முறைக்கிறவனை எனக்குப் பிடிக்கும்.

மேனேஜர் மன்சூர் பாய் இதற்கு நேர் எதிர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது புகாரோடு போனால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பிப்பார். சொல்கிறவன் சொல்லி முடிக்கும்வரை துடைப்பார். முடித்த பிறகும் துடைப்பார். அந்த மௌனம் தாங்காமல் ஆள் கூடவே இரண்டு உண்மையைச் சேர்த்துச் சொல்லிவிடுவான். அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அச்சா. இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். எத்தனையோ போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இந்தக் கைக்குட்டைக்கு ஈடு இல்லை.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு ஆள் எடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. கை காட்டுவது என்று சொல்வோம். உள்ளே வேலை செய்கிறவன் ஒருவன் வந்து, இவன் நல்லவன், நான் பொறுப்பு என்று கை காட்ட வேண்டும். நாளைக்கு வந்தவன் ஏதாவது செய்தால் கை காட்டினவன் தலையும் சேர்ந்து உருளும். அதனால் சொந்தத் தம்பிக்கே கை காட்டத் தயங்குவார்கள். நான் யாருக்கும் காட்டினது கிடையாது. என் மச்சான் கேட்டுப் பார்த்து வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ஏழுமலை என்ற பெயர் என் காதில் விழுந்தது.

முதலில் வந்தவன் குமார். டிரம் செக்ஷன் ஆள். டிரம் என்பது ஓர் அறை அளவுக்கு இருக்கும் மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்ற விடுவார்கள். அங்கே ஆள் தேவை என்று பேச்சு வந்ததும் குமார் என்னிடம் வந்தான். "சார், ஏழுமலைன்னு ஒருத்தன் இருக்கான். ஆம்பூர்ல டிரம்லதான் இருந்தான், வேலை போய்ட்டுது. ரொம்ப நாளா சும்மா இருக்கான். கை சுத்தம், வாய் சுத்தம், குடி கிடையாது."

அடுத்த நாள் செலக்ஷனில் தோல் தரம் பிரிக்கிற அன்வர். "சார், ஏழுமலைன்னு நம்ம தோஸ்த். கை சுத்தம், வாய் சுத்தம், குடி கிடையாது."

அதற்கடுத்து ஸ்பிரே செக்ஷன் முருகேசன். அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் கேட்டேன், "கை சுத்தமா?"

"ஆமா சார்."

"வாயி?"

"சுத்தம் சார்."

"குடி?"

"கிடையாது சார். உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

ஒருத்தனுக்கு ஒருத்தன் கை காட்டினால் நம்பலாம். மூன்று பேர் வரிசை மாறாமல் ஒரே பாட்டைப் பாடினால்? உட்கார்ந்து பேசி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான்கள் என்றுதானே அர்த்தம்! மன்சூர் பாயிடம் போய், இதில் ஏதோ இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "மூணு பேர் பொறுப்பு ஏத்துக்கறாங்கன்னா எடுத்துப் பாப்போம் தாமோதரன். நீங்க இருக்கீங்களே" என்றார்.

ஏழுமலை வேலைக்கு வந்தான். ஒல்லி, நல்ல உயரம், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. முதல் வேலையாக அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்கக் கவனிக்கப் பேஜாராக இருந்தது. அவன் தனியாக இருந்து நான் பார்க்கவே இல்லை. காலையில் மூன்று பேர் பைக்கில் வந்தால் அவன் நடுவில். சாப்பிட உட்கார்ந்தால் சுவரோரம் அவன், சுற்றி மற்றவர்கள். சிறுநீர் கழிக்கப் போனால் கூட வாசலில் ஒருத்தன் தேமே என்று நிற்பான். செலக்ஷனில் வேலை செய்கிற அன்வருக்கு டிரம் பக்கம் என்ன வேலை? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பான். தோல் போடுவதற்கு மேடை மேல் ஏறி டிரம் கதவைத் திறக்க வேண்டும். ஏழுமலை முறை வரும்போதெல்லாம் குமார் ஏறுவான். அவனவன் முறையையே அடுத்தவன் தலையில் கட்டுகிற உலகத்தில் இப்படி ஒரு தியாகியா?

ஒருவன் நோட்டம் பார்க்க, ஒருவன் எடுக்க, ஒருவன் கைமாற்ற என்று என் மனதில் கணக்கு ஓட ஆரம்பித்தது. முடித்த தோல் இருக்கும் குடோனுக்கும் செலக்ஷனுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதில் பெரிய பழைய பூட்டு.

ஒரு சாயங்காலம் குமாரின் இடுப்பைத் தடவும்போது கையில் ஏதோ தட்டியது. அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. விரல் நீளம், பழைய இரும்பு, துருவைத் தேய்த்து எடுத்திருந்தது.

"இன்னாடா சாவி?"

"வீட்டுச் சாவி சார்."

விட்டுவிட்டேன். அடுத்து வந்தவன் அன்வர். அவன் சட்டைப் பையில் அதே மாதிரி ஒன்று.

"இது?"

"வீட்டுச் சாவி சார்."

முருகேசனை வரிசையிலிருந்து தனியாக இழுத்து நிறுத்தினேன். அவன் டிபன் பையின் அடியில் மூன்றாவது சாவி. முருகேசன் வீடு எனக்குத் தெரியும். பாலாற்றங்கரைப் பக்கம் ஓலை வீடு. வாசலில் மூங்கில் தட்டி.

"தட்டிக்கு ஏதுடா பூட்டு?"

முழித்தான். "பொட்டிச் சாவி சார்" என்றான்.

"எங்க வாங்கின?"

"லாங் பஜார்ல சார்" என்று வாயை விட்டுவிட்டான்.

ஏழுமலையையும் தடவினேன். அவனிடம் ஒன்றும் இல்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. தலைவன் எப்போதும் வெறும் கையோடுதான் இருப்பான்.

முருகேசன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு குடோன் பூட்டில் போட்டுப் பார்த்தேன். சேரவில்லை. பூட்டுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னும் அராவவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வார லீவில் வேலூருக்குப் பஸ் ஏறினேன். லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் புகுந்து, பழைய இரும்புச் சாமான் விற்கிற கடைகளில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். ஒரு கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது நம்ம கடைச் சரக்குதான். மூணு பசங்க வந்து வாங்கினாங்க. பூட்டும் தரேன், ஜோடியா எடுத்துக்கோங்கன்னேன். பூட்டு வேணாம், சாவி மட்டும் போதும்னாங்க."

"சாவி மட்டுமா?"

"ஆமா. பித்தளை கூடாதாம், இரும்பா இருக்கணுமாம்."

பூட்டு இல்லாமல் சாவி வாங்குகிறவன் யார்? அடுத்தவன் பூட்டு மேல் கண் வைத்தவன்! பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. திருட்டு நடக்கும் முன்பே பிடிப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வாய்க்காது.

மன்சூர் பாய் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணாடி துடைத்தார். "பூட்டை மாத்திடுங்க. ஆளுங்கள இன்னும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். பூட்டை மாற்றினேன். அவர் சொன்னதில் அதை மட்டும்தான் செய்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் ஏழுமலையைக் கேட்டுக்கு அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மற்ற மூன்று பேரையும் வேண்டுமென்றே ஆளுக்கொரு மூலையில் வேலை சொல்லி நிறுத்தியிருந்தேன். கூட்டாளிகள் இல்லாமல் தனியாகக் கேட்டால் உளறிவிடுவான் என்பது என் திட்டம்.

வெயிலில் நிறுத்திக் கேட்டேன். "உன் தோஸ்துங்க எதுக்குடா சாவி வெச்சிருக்கானுங்க?"

சிரிப்பு போய்விட்டது. "தெரியாது சார்."

"குடோன்ல இன்னா இருக்குன்னு தெரியுமா?"

"சார், நான் அந்தப் பக்கமே போனதில்ல."

"ஆம்பூர்ல ஏன் வேலைய விட்டு அனுப்பினாங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, கேட்டையும் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். "டேய், இந்த வித்தையெல்லாம் என் கிட்ட..." என்று நான் முடிக்கவில்லை, அவன் அப்படியே வெட்டின மரமாகச் சாய்ந்தான். கேட்டை ஒட்டின டைம் ஆபீஸ் படியில் தலை மோதிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை.

யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். டிரம் பக்கமிருந்து குமார், செலக்ஷனிலிருந்து அன்வர், ஸ்பிரே பக்கமிருந்து முகமெல்லாம் சாயத்தோடு முருகேசன் என்று மூன்று மூலையிலிருந்தும் ஓடி வந்தார்கள். குமார் ஓடிக்கொண்டே அரைஞாண் கயிற்றை இழுத்து அறுத்தான். "தள்ளு சார்!" என்று என்னை ஒரே தள்ளு. மூடின விரல்களைப் பிரித்து இரும்புச் சாவியை உள்ளங்கையில் திணித்தான். அன்வர் இன்னொரு கையில் திணித்தான். முருகேசன் வெறும் கையோடு என்னிடம் திரும்பினான். அவன் சாவி என் மேஜை டிராயரில் இருந்தது.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்று நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சாவி என்றால் திருட்டு என்று பழகின மூளைக்கு அது எட்டவே இல்லை.

முதலுதவி அறை நர்ஸம்மா ஓடி வந்து சாவியையெல்லாம் தட்டிவிட்டார். "இரும்பு ஒண்ணும் பண்ணாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, காத்து வரட்டும்" என்று அதட்டினார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. கம்பெனி வேனில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நானும் ஏறிக்கொண்டேன். இவன்களை நம்பித் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை.

டாக்டர் பார்த்து, தையல் போட்டு, ஏழுமலையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மற்ற மூன்று பேரும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்காது, மதிய மாத்திரையை ஏன் விட்டாய் என்று டாக்டர் அவனைக் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. நானும் அதையே கேட்டேன்.

"கேட்ல பைய உதறுவீங்க. மாத்திரை அட்டை விழுந்தா இன்னான்னு கேப்பீங்க. அதான் சார் கொண்டு வர்றதில்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏன்டா, தலைவலி மாத்திரைன்னு ஒரு பொய் சொல்லத் தெரியாதா உனக்கு?"

"உங்க கிட்டயா சார்?" என்று சிரித்தான். தலையில் கட்டோடு சிரித்தான்.

ஆம்பூரில் மெஷின் பக்கத்தில் விழுந்தானாம். மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். அப்புறம் போன இடமெல்லாம் விஷயம் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வேலையில்லாத நாட்களைப் பற்றிக் கேட்டேன். தயங்கிவிட்டுச் சொன்னான்.

"குமார் வண்டி சார், நல்லாத்தான் ஓடும். வாரா வாரம் தள்ளிக்கினு வந்து, 'மச்சான், ஏதோ சத்தம் வருது, பாரேன்'ம்பான். நான் பிரிச்சுப் போட்டு மாட்டுவேன். ஒரு சத்தமும் வராது. அன்வர் பிரியாணி எடுத்துக்கினு வருவான். 'உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு அம்மா உன்னத்தான் கேட்டுக்கினு வரச் சொன்னாங்க'ம்பான். அவங்க அம்மா ஊருக்கே சமைக்கிறவங்க, அவங்களுக்கு என் நாக்கா வேணும்? முருகேசன் இருக்கானே, அவனுக்குத் தனியா முடி வெட்டிக்க பயமாம் சார். என்னையும் கூட்டிக்கினு போய்ப் பக்கத்து நாற்காலியில உக்கார வெச்சு எனக்கும் ஷேவ் பண்ணி விடுவான்."

"உனக்கு இதெல்லாம் தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அந்த நேரத்துல எனக்கு இருந்த ஒரே வேலை அதான்."

நான் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் மன்சூர் பாய் அறையில் விசாரணை. ஏழுமலையும் வந்திருந்தான். அவனுக்கு மட்டும் நாற்காலி. மற்ற மூன்று பேரும் நின்றார்கள், நான் கதவோரம் நின்றேன். இந்த வேலையும் போய்விட்டால் சுற்று வட்டாரத்தில் அவனுக்கு இனி ஒரு கேட்டும் திறக்காது என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். கை காட்டின மூன்று பேருக்கும் குடும்பம் இருந்தது.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கடைசியில் குமார்தான் உடைந்தான்.

"பாய், மொதல்லயே சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?"

அவர் பதில் சொல்லும் முன் நான் சொன்னேன், "விட்டிருக்க மாட்டோம்."

"அதான் சொல்லல."

எனக்கு வந்ததே கோபம்! "அதனால டிரம்ல விட்டுட்டீங்க, இல்ல? நீ மேல ஏறிட்டா ஆச்சா? கீழ பெல்ட் ஓடல? பக்கத்துல சுண்ணாம்புக் குழி இல்ல? உள்ள விழுந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? சாவிய குழிக்குள்ள தூக்கிப் போட்டிருப்பியா?"

குமார் அழுதுவிட்டான். ஆறடி ஆள், கை முழுக்கக் காய்ப்பு, மேனேஜர் அறையில் நின்று அழுதான். "சும்மா உக்காந்து உக்காந்து செத்துடுவான் போல இருந்துச்சு சார். நீங்க அவன அப்ப பாக்கல."

நான் அன்று சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர்கள் சிநேகிதம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிநேகிதமே அவனைக் கொன்றிருக்கும். யாராவது ஒருத்தன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "டிரம்ல இனிமே வெக்க முடியாது. ஸ்பிரே, மெஷின், எதுலயும் முடியாது. வேற வேலை ஏதாவது இருக்கா தாமோதரன்?"

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முறைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நான்தான் சொன்னேனே, முறைக்கிறவனை எனக்குப் பிடிக்கும் என்று.

"கேட்ல ஒரு ஆள் கம்மி பாய்" என்றேன். "அங்க மெஷின் இல்ல, குழி இல்ல. எப்பவும் ரெண்டு பேர் இருப்போம்."

"அச்சா. ஆனா ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. இந்த விஷயம் தெரிஞ்சும் யார் கை காட்டினதுன்னு கேப்பாங்க. இவங்க பேரை இனிமே எழுத முடியாது." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நீங்க காட்டறீங்களா?"

என் மச்சான் முகம் கண் முன்னால் வந்து போனது.

"காட்டறேன்" என்றேன். உடனே சேர்த்துச் சொன்னேன், "நம்பிக்கையில இல்ல பாய். என் கண் முன்னாடி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

பாய் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து மதியம் மணி அடித்ததும் ஏழுமலை என் முன்னால் வந்து நின்று மாத்திரை போட வேண்டும். போட்டதும், "வாயத் திற" என்பேன். திறப்பான். "நாக்கத் தூக்கு" என்பேன். தூக்குவான். விழுங்கினானா, கன்னத்தில் ஒதுக்கினானா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடப் போவேன். மாத்திரை ஒழுங்காகப் போனதும் வலிப்பு அரிதாகிப் பிறகு நின்றே போனது. இரும்பால் பயனில்லை என்று நர்ஸம்மா சொன்னது எனக்குத் தெரியும். இருந்தாலும் முருகேசனின் சாவி நான் ரிட்டையர் ஆகும்வரை டிராயரில்தான் இருந்தது.

சோதனை போடுவதில் ஏழுமலை மகா மட்டம். இடுப்பைத் தடவும்போதே வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பான். அவனிடம் மாட்ட வேண்டும் என்றால் திருடனே வேண்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவனிடம் பொய் சொல்ல எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. எனக்கு அடுத்து கேட் அவன் கைக்குப் போனது.

நான் ரிட்டையர் ஆகி வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்தேன். வேலை போவதும் ஓய்வு பெறுவதும் வேறு வேறு என்பார்கள். மாலை போட்டு அனுப்பினால் என்ன, போடாமல் அனுப்பினால் என்ன, மறுநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லையே, அது ஒன்றுதானே! பத்மாவின் மளிகைப் பையைச் சோதனை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு நாள் வெயிலில் காய்கறி வண்டி முன்னால் மயங்கி விழுந்தேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதாம். தலை சுற்றினால் உடனே வாயில் போட பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருங்கள் என்றார் டாக்டர். இந்த வயசில் மிட்டாய்ப் பையா என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று பத்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. குமார் வந்தான். "ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் வந்தேன் சார், அப்டியே பாத்துட்டுப் போலாம்னு." இரண்டு நாள் கழித்து அன்வர். "மச்சான் வீட்டுக்கு வந்தேன் சார்." அப்புறம் முருகேசன். முடி வெட்டிக்கொள்ள வந்தானாம், மேல்விஷாரத்தில் சலூனே இல்லை பாருங்கள்! வந்தவன் சும்மா உட்கார மாட்டான். வாங்க சார், காலாற நடந்துட்டு வரலாம் என்பான். மூன்று பேரும், முறை வைத்த மாதிரி.

என் மண்டையில் மணி அடித்தது. ரோட்டில் நடக்கும்போது கவனித்தேன். வண்டி போகிற பக்கம் அவர்கள், சுவரோரம் நான். குமார் செல்போன் எடுக்கும்போது பையிலிருந்து ஒரு காபி மிட்டாய் கீழே விழுந்தது.

"இன்னாடா இது?"

"பேரனுக்கு சார்."

"உன் பொண்ணுக்கு இப்பத்தானே நிச்சயம் ஆச்சு?"

பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் அன்வர் சட்டைப் பையிலும் அதே மிட்டாய். வீட்டுக்கு வந்து பத்மாவை நேருக்கு நேர் கேட்டேன். "நான் யாருக்கும் போன் பண்ணல" என்றாள். நான் போன் என்று சொல்லவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தான். டீக்கடை வரைக்கும் நடந்தோம். பாதி வழியில் அவன் மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "சுவரோரமா வாங்க சார்" என்றான்.

"நில்லு" என்றேன். "கையத் தூக்கு."

நடுத்தெருவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயிற்றைப் பார்த்தேன். இடுப்பைத் தடவினேன். சட்டைப் பையில் விரலை விட்டேன். இரண்டு காபி மிட்டாய். வெளியே எடுத்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"இன்னாடா இது?"

தூக்கின கையை இறக்காமல், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான்:

"வீட்டுச் சாவி சார்."